ஆவி படியாத கண்ணாடி

எனக்குப் பார்வை வலக்கண்ணில் மட்டும்தான். இடக்கண் பார்ப்பவர்களுக்கு நல்ல கண்ணாகவே தெரியும். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மைத்துனனைப் போல அதுவும் தன் பாட்டில் முகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொம்மர் விமானம் வந்த ஒரு மத்தியானம், பதுங்கு குழிக்குள் குதிக்க வேண்டிய நேரத்தில் நான் யன்னலோரம் நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு என்னவோ இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் விழுந்தது. யன்னல் கண்ணாடிதான் உடைந்து என்னிடம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோ என்ற பகுதியில், அலுமினிய யன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். கண்ணாடியால் கண்ணைப் பறிகொடுத்தவனுக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. கடவுளுக்கும் சில நேரம் பகிடி விட ஆசை வரும்போலிருக்கிறது. இடக்கண் விஷயத்தை நான் பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணன் என்று தெரிந்தால் எந்த முதலாளி கண்ணாடி வெட்டக் கொடுப்பான்? எல்லாவற்றையும் கொஞ்சம் வலப்பக்கமாக வைத்துக்கொண்டு, இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்பிப் பார்ப்பேன். மரியாதை தெரிந்த மனிசன் என்று அங்கே எனக்குப் பெயர்.

என்னோடு வேலை செய்தவன் ஒரு சிசிலியன். என் வயதுதான், வாய் ஓயாது, எல்லோரையும் 'கும்பாரி' என்பான். எங்களில் ஒருவனைச் சேக்காளி என்று கூப்பிடுகிற மாதிரி. பலெர்மோவுக்கு வந்து வருஷங்கள் ஆகியும் இத்தாலியர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் எதையாவது தூக்கத்தான். அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, ஒருமுறை ஒரு பியானோ. ஒரு நாள் மத்தியானம் பாண் தின்றுகொண்டிருக்கும்போது அவன், "கும்பாரி, ஞாயிற்றுக்கிழமை சியாகுல்லிக்கு வாறியா?" என்றான். எதைத் தூக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, விளையாட வேண்டும் என்றான்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் சொஃப்ட் எயார். உண்மைத் துவக்கு மாதிரியே ஒரு விளையாட்டுத் துவக்கு. அதிலிருந்து மிளகை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு பறக்கும். நகரத்து விளிம்பில் இருக்கும் சியாகுல்லியில், யாரும் கவனிக்காமல் விட்ட மண்டரின் தோடம்பழத் தோட்டம் ஒன்றில் இரண்டு அணியாகப் பிரிந்து ஒளிந்து சுடுவார்கள். குண்டு பட்டவன் தானாகவே கையைத் தூக்கி "கொல்பீத்தோ!" என்று, பட்டுவிட்டது என்று, சத்தம் போட வேண்டும். பிறகு சுவரோரம் போய் இருந்து, ஆட்டம் முடியும்வரை மண்டரின் உரித்துச் சாப்பிடலாம்.

எங்கள் ஊரில் பட்டவன் எழும்பி வந்து சொன்னதில்லை. செத்தவன் பழம் தின்கிற சண்டை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதைவிட, ஒருத்தன் என்னை விளையாடக் கூப்பிட்டிருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று பின்னேரம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சிரிப்பு நிலைக்கவில்லை. என் மனைவி, சின்யோரா என்று அவள் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்து களைத்து வந்து காலை நீட்டி இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் காலை மடக்கினாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். இஞ்சை வந்து, சண்டைக்குப் போறன் எண்டு நிக்கிறியள்."

"சண்டை இல்லையப்பா, விளையாட்டு. சின்னப் பிளாஸ்டிக் குண்டு."

"குண்டு எண்டு உங்கட வாயாலையே சொல்லுறியள். மிச்சம் இருக்கிற ஒரு கண்ணையும் குடுத்துப்போட்டு வந்தால் என்ன செய்யிறது? கண் கெட்டாப் பிறகு சூரிய நமஸ்காரமோ?"

அவள் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. இருப்பது ஒரே கண். அது போனால் வேலை இல்லை, வீதி கடக்க முடியாது, அவள் முகத்தையும் பார்க்க முடியாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்று ஆணையிட்டுச் சொல்லி ஒரே ஒரு முறை போய்ப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். கெடுகுடி சொற்கேளாது என்று முணுமுணுத்துவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

முதல் ஞாயிறு நண்பன் ஒரு துவக்கையும் தன் பழைய கண்ணாடி ஒன்றையும் இரவல் தந்தான். ரப்பர் விளிம்பு வைத்து, முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒற்றைப் பிளாஸ்டிக் தகடு. ஆட்டம் தொடங்கி இரண்டு மரம் தாண்டி ஓடினேன். மூச்சு வாங்கியது, வியர்த்தது, கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இட்டலிச் சட்டிக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. இரண்டு கண் உள்ளவனுக்கு ஒரு ஓரத்திலாவது கொஞ்சம் வெளி தெரியும். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை. துடைப்போம் என்று கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தப் போனேன். எங்கிருந்தோ நண்பன் கத்தினான்:

"கீழே! கீழே விடு! தோட்டத்துக்குள்ளே கண்ணாடியைக் கழற்றினால் இனி உன்னை யாரும் சேர்க்கமாட்டார்கள்!"

அந்த விளையாட்டில் மற்ற எல்லாச் சட்டத்தையும் சத்தம் போட்டு விவாதிப்பார்கள். இதற்கு மட்டும் விவாதம் இல்லை. அன்று முழுக்க நான் குருடனாகச் செத்துச் செத்துப் பழம் தின்றேன். வயிறு நிறைய மண்டரினோடு வீட்டுக்கு வந்து, ஆவி படியாத கண்ணாடி ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணைத் தட்டிவிட்டாள். கடைசியில், "சரி. ஆனால் கண்ணாடியை நான்தான் தெரிஞ்செடுப்பன்" என்றாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்றில் இந்த விளையாட்டுக்கான சாமான்களும் வைத்திருந்தார்கள். அவள் ஒரு பெரிய பையோடு வந்தாள். பல்லரோ சந்தையில் மீன் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். கடைக்காரர் வயதானவர், மேசையில் மூன்று விதமான கண்ணாடிகளைப் பரப்பினார். முதலாவது, தகடே இல்லாமல் நுண்ணிய கம்பிவலை. காற்று தாராளமாகப் போய் வரும், ஆவி படிய இடமே இல்லை, இளம் பெடியன்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். இரண்டாவது, மேலும் கீழும் ஓட்டை வைத்த ஒற்றைத் தகடு. மூன்றாவது, இரண்டு தகட்டுக்கு நடுவே காற்றை அடைத்து, உள்பக்கம் ஆவி படியாமல் ஏதோ பூச்சு பூசியது.

எனக்குக் கம்பிவலை பிடித்துவிட்டது. போட்டுப் பார்த்தேன், கடை முழுவதும் கொசுவலைக்குள் இருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. மனைவி அதை என் முகத்திலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"குண்டு இதில பட்டு உடைஞ்சால், உடைஞ்ச துண்டு எங்கை போகும்?"

நான் இத்தாலியனில் கேட்டேன். கடைக்காரர் தோளைக் குலுக்கினார். மலிவான குண்டு சில நேரம் சிதறும், தூள் உள்ளே போகலாம், ஆனால் அபூர்வம் என்றார்.

"உங்கட மற்றக் கண்ணும் அபூர்வமாத்தானே போனது" என்று அவள் தமிழில் சொல்லிவிட்டு வலையைத் தள்ளி வைத்தாள். கண்ணாடித் துண்டு ஒன்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது.

பிறகு பையைத் திறந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்தாள். வெந்நீரைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் பெரிய பிளாஸ்க். மூடியைத் திறந்ததும் இஞ்சி மணம் கடையை நிறைத்தது. ஒற்றைத் தகட்டை ஆவிக்கு மேலே பிடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளையாகிவிட்டது. இரட்டைத் தகட்டைப் பிடித்தாள். ஓரங்களில் கொஞ்சம் மங்கி, நடுவில் தெளிவாகவே இருந்தது. நன்றாகப் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் பிடித்தாள். கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். சோதனை முடிந்ததும் அவருக்கும் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். விலை மூன்றிலும் கூடியது அதுதான். அவள் ஒரு சொல் பேரம் பேசாமல் வாங்கினது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

கண்ணாடியை உறையில் போடும்போது கடைக்காரர் ஏதோ நீளமாகச் சொன்னார். பாதி விளங்கியது. உள்பக்கத்தில் கை வைக்காதே, துணியால் தேய்க்காதே என்ற மாதிரி. மீதிக்குத் தலையாட்டினேன். பலெர்மோவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். விசாவுக்கு வரிசையில் நிற்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் தொடங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் தலையாட்டியே காலம் தள்ளினோம். மனைவி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் மன்னார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். எந்தப் புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் கோயிலில் மந்திரித்த எண்ணெயைப் பெருவிரலால் தொட்டு அதில் ஒரு சிலுவை போடாமல் விடமாட்டாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போட்டாள், காஸ் அடுப்புக்குப் போட்டாள். என்னுடைய முதல் பெர்மெஸ்ஸோவுக்குக்கூட, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிக் கடுதாசிக்குக்கூடப் போட்டாள். எண்ணெய் ஊறின அந்தக் கடுதாசியைக் குவெஸ்தூராவில் இருந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு காலை. சியாகுல்லியில் குளிரும் ஈரமுமாக இருந்தது. மார்ச் பிறந்தும் அங்கே மரங்களில் பழம் தொங்கும். புதுக் கண்ணாடியைப் போட்டேன். என்னைப் போல ஒரு வீரன் இல்லை என்ற நினைப்பில் ஓடினேன். தோட்டத்து நடுவில் தண்ணீர் இல்லாத பழைய நீர்த்தொட்டி ஒன்று. அதற்குள் குதித்து, சுவரில் சாய்ந்து, மூச்சு விட்டேன். கண்ணாடி வெள்ளையாகியது. ஓரத்தில் தொடங்கி, நடுவுக்கு வந்து, எல்லாம் மூடிவிட்டது.

எனக்கு நம்ப முடியவில்லை. அவ்வளவு பார்த்து வாங்கின கண்ணாடி! கடைக்காரரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன். நாலா பக்கமும் டிக் டிக் என்று சத்தம். எது யாருடைய துவக்கு, எவ்வளவு தூரம், ஒன்றும் தெரியாது. அது விளையாட்டு என்று தலைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் முகம் முழுக்க இரத்தத்தோடு, இரண்டு கண்ணையும் திறக்க முடியாமல், யாராவது வருவார்கள் என்று தரையில் இருந்த அந்த நேரம் அப்படியே திரும்பி வந்தது. பெருவிரல் தானாகவே கண்ணாடியின் கீழ் விளிம்புக்குள் நுழைந்து, அதைத் தூக்கத் தொடங்கிவிட்டது. குளிர்காற்று கன்னத்தில் பட்டது.

அப்போதுதான் பார்த்தேன். வலக்கண்ணுக்கு நேரே, அந்த வெள்ளைக்கு நடுவில், ஒரு சிறு சிலுவை. குளியலறைக் கண்ணாடியில் விரலால் எழுதித் துடைத்துவிட்டாலும், அடுத்த முறை ஆவி பட்டதும் எழுத்து தெரியுமே, அதுபோல. பெருவிரல் அகலத்தில், சிலுவையின் ஒரு கை கொஞ்சம் கோணி. பெர்மெஸ்ஸோவில் இருந்ததும் அதே கோணல்தான்.

முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை தளர்ந்து கீழே இறங்கியது. கண்ணாடி பழையபடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. இடப்பக்கமிருந்து யாரோ ஏதோ சொன்னது கேட்டது. வழக்கம்போல முழு உடம்போடும் திரும்பினேன். துவக்கும் என்னோடு திரும்பியது.

டக், டக், டக். மூன்று குண்டும் கண்ணாடியில். ஒன்று வலக்கண்ணுக்கு நேரே.

"கொல்பீத்தோ" என்றேன். கையைத் தூக்கினேன்.

சுட்டவன் என் நண்பன். தொட்டிச் சுவருக்கு மேலே நின்றான். சுவரோரம் பழம் தின்னும் இடத்துக்கு வந்ததும் கண்ணாடிகளைக் கழற்றினோம். அவன் எரிச்சலோடு கேட்டான். "உனக்கு இடப்பக்கத்தில்தானே நின்றேன். கை காட்டினேன். சரணடை என்று சொன்னேன். நீ பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்துவிட்டுத் துவக்கை நீட்டுகிறாய்! நான் வேறு என்ன செய்வது?"

எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. இடக்கண்ணைக் காட்டி, இதில் ஒன்றும் தெரியாது என்றேன். எப்போதிருந்து, எப்படி என்பதையும், மனைவி போட்ட எண்ணெய்ச் சிலுவையைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். அவன் என் கண்ணாடியை வாங்கி, தகட்டின் வலப்பக்கத்தில் குண்டு பட்ட வெள்ளைப் புள்ளியைத் தடவிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என்னைக் கொலைகாரனாக்கப் பார்த்தாயா என்று கத்தினான். பழம் தொடவில்லை. தன் பழைய பியட் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டான். என்னை இறக்கிவிட்டு, 'கும்பாரி' என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போனான். எனக்குக் கண் பிழைத்தது சந்தோஷம். சேக்காளி போய்விட்டான் என்று அழுகை வந்தது. இரண்டும் உண்மை.

மனைவி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

"இதுக்கு நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. எண்ணெயில ஒரு சிலுவை போட்டனான், எப்பவும் போலதான்."

"பிறகு?"

"மங்கலாய்க் கிடந்தது. வெள்ளைக்காரச் சனம் பாத்துச் சிரிக்கும் எண்டு, சின்யோரா வீட்டுக் கண்ணாடி துடைக்கிற மருந்தடிச்சு நல்லாத் தேய்ச்சுத் துடைச்சனான். பளிச்செண்டு வந்தது." பெருமையாகத்தான் சொன்னாள். வாரம் ஆறு நாளும் மற்றவர்களின் கண்ணாடிகளைப் பளிச்சென்று துடைப்பவள். புருஷனின் கண்ணாடியைச் சும்மா விடுவாளா?

அந்தப் பளபளப்போடு பூச்சும் போய்விட்டது என்பதை விளங்கப்படுத்தினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் குண்டு பட்ட புள்ளியைப் பார்த்தாள். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாலதானே" என்று அழத் தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றப் போன என் கையை நிறுத்தியதும் உம்முடைய சிலுவைதான் என்று சொன்னேன். தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அன்றும் இன்றும் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் செய்த பிழையையும் அவள் செய்த காவலையும் ஒரே பெருவிரல்தான் செய்தது.

அந்த வாரம் பட்டறையில் நண்பன் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் முதலாளியிடமும் சொல்லவில்லை. கண்ணாடித் தகடுகளை மட்டும் ஒவ்வொரு நாளும் எனக்கு வலப்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. அவன்தான். கையில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று எனக்கு, பழையதைப் போலவே இரட்டைத் தகடு, புதிது, உறை பிரிக்காதது. குண்டு பட்ட தகட்டை இன்னொரு முறை நம்பக்கூடாது என்றான். மற்றது அவனுடையது. அதை என் மனைவியிடம் நீட்டி, தன் கண்ணாடிக்கும் அந்தச் சிலுவையைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். கண்களைக் காக்கும் புனிதையான சாந்தா லூசியாவின் திருநாளில், மகனின் கண்களுக்காக அவன் அம்மா பாண் தொடுவதில்லையாம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமாம்.

"தகட்டில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து" என்றான்.

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள். இரண்டு கண்ணாடிகளிலும் தலையைச் சுற்றிப் போகும் நாடாவில், பின்பக்கத்தில், கவனமாகப் பெருவிரலை வைத்தாள். ஒரு கை கொஞ்சம் கோணிய சிலுவைகள். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு என் தோளைப் பிடித்து அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, தனக்குத் தெரிந்த வீட்டு வேலை இத்தாலியனில், என் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கே இவருக்குத் தெரியாது. இங்கே நீ நில்."

அவன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, விளையாட்டில்லாமல், அவள் காட்டிய இடத்தில் வந்து நின்றான். நான் பட்டறையை விட்டுப் போகும்வரைக்கும், தோட்டத்திலும், வேலையிலும், வீதி கடக்கும்போதும், அவன் அந்தப் பக்கத்தில்தான் நின்றான்.